திரு. க.வின் மூன்று வேன்கள்

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது. நீளத் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கையால் எழுதப்பட்ட முப்பத்தெட்டு வரிசைகள். எழுதியவள் என் மாணவி. அவள் வரிக்கு வரி சோதித்திருந்தது நான் எழுதிய ஒன்றை.

[ஒரு வருடமாக இதை ஆரம்பித்து ஆரம்பித்து அடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவு: 'நெய்வேலியின் வானத்தில் அனல்மின் நிலையத்தின் புகை மெல்ல மெல்ல' — இந்தக் கதையில் புகைக்கு வேலை இல்லை. இரண்டாவது: 'மணிமொழி பயந்த சுபாவமுள்ள பெண்.' அது பொய். மூன்றாவது: 'தவறே செய்யாத ஆசிரியர் உலகத்தில்' — இதை ஏன் அடித்தேன் என்று விளக்க வேண்டியதில்லை.]

என் பெயர் திலகவதி. மந்தாரக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் எம்பிஏ வகுப்புக்கு ஸ்ட்ராட்டஜி பாடம் எடுக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. எனக்குக் கதை எழுதிப் பழக்கம் இல்லை, கேஸ் எழுதிப் பழக்கம் உண்டு. கேஸ் என்றால், ஒரு தொழில், அதை நடத்தும் ஓர் ஆள், அவர் முன்னால் ஒரு சிக்கல். அவர் முடிவெடுக்க வேண்டிய இடம்வரை எழுதி நிறுத்திவிட்டு, 'நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று மாணவர்களைக் கேட்க வேண்டும்.*

* எங்கள் குவார்ட்டர்ஸில் கீழ் வீட்டு அக்கா, நான் வாரம் ஒரு கேஸ் நடத்துகிறேன் என்று கேள்விப்பட்டு, தன் தம்பியின் நிலத்தகராறுக் காகிதங்களைப் பையோடு கொண்டுவந்து கொடுத்தார்.

இந்தக் கதையை எழுத நேற்றுத்தான் அனுமதி கிடைத்தது. அனுமதியோடு ஒரு நிபந்தனை. மூன்று விஷயங்களை மாற்றிவிட வேண்டும்: அந்த மனிதரின் பெயர், அவர் செய்த தொழில், அவருக்கு நேர்ந்தது. மாற்றியிருக்கிறேன். கீழே வேன் என்று வரும் இடத்தில் உண்மையில் வேன் இல்லை. ஆனால் அதே அளவு கனமுள்ள ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் நடந்தபடி.

2

முதலில் என்னைப் பற்றி. இது பெருமைக்காக இல்லை. எந்த உயரத்திலிருந்து விழுந்தேன் என்று சொன்னால்தான் விழுந்தது புரியும்.

எங்கள் பார்ட் டைம் வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு. ஒன்பது முப்பத்தொன்றுக்குக் கதவைச் சாத்திவிடுவேன். படிப்பவர்கள் பாதிப் பேர் வேலையில் இருப்பவர்கள். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர், வடலூரில் நகைக்கடை கேஷியர், கூட்டுறவு வங்கி கிளார்க். சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நேராக வகுப்புக்கு வருபவர்கள் உண்டு. அவர்களுக்கும் அதே கதவுதான்.

வகுப்பில் யார் என்ன சொன்னாலும் நான் கேட்பது ஒன்றே ஒன்று. "எப்படித் தெரியும்?"

ஒரு தடவை செல்வகுமார் என்ற மாணவன் எழுந்து, "மந்தாரக்குப்பத்துல இப்ப எல்லாரும் ஆன்லைன்லதான் வாங்குறாங்க மேடம்" என்றான்.

"எல்லாரும்னா எத்தனை பேர்?"

"நெறைய பேர் மேடம்."

"எண்ணிப் பார்த்தியா?"

அவன் மூன்று மாலை ஒரு செருப்புக்கடை வாசலில் நின்று எண்ணிக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் அவன் சொன்ன விடை வேறு.

எந்த அறிக்கை எழுதினாலும் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் த, ஊ, ஆ என்று மூன்றில் ஒரு எழுத்தைப் போட வேண்டும் என்பது என் விதி. தகவல், ஊகம், ஆசை. பெரும்பாலான தொழில் திட்டங்களில் ஆசைக்குத் தகவல் சட்டை போட்டு அனுப்புகிறார்கள், அதைக் கழற்றிப் பார்ப்பதுதான் இந்தப் பாடம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். முக்கியக் கேள்விக்கு விடை இல்லாத அறிக்கைக்கு ஐம்பதுக்கு நாற்பதுக்கு மேல் கிடையாது என்பது இன்னொரு விதி. அழுதாலும் கிடையாது. அழுதிருக்கிறார்கள்.

3

இனி அந்தக் கேஸ். தலைப்பு: 'திரு. க.வின் மூன்று வேன்கள்'. (இந்தக் கதைக்கும் அதே தலைப்பை வைத்திருக்கிறேன். பழைய கடனைப் புதுத் தலைப்பில் தள்ளிவிட [இந்த வாக்கியம் வேண்டாம்.])

அதன் சுருக்கம் இது. திரு. க. மூன்று வேன் வைத்து, சுற்றுக் கிராமங்களிலிருந்து கான்ட்ராக்ட் தொழிலாளர்களைச் சுரங்க கேட் வரை கொண்டுபோய் விட்டார். எட்டு வருடம் நல்ல லாபம். பிறகு தவணையில் பைக் வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது. டிரைவர்கள் எச்சரித்தார்கள். 'என் ஆளுங்க என்னை விட்டுப் போக மாட்டாங்க' என்றார் திரு. க. போனார்கள். ஒரே வாரத்தில் மூன்று வேனையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் ஆனார். கடைசி வரி: மாற்றத்தைப் பார்க்க மறுத்ததால் அவர் தொழிலை இழந்தார். கேள்வி: நீங்கள் திரு. க.வாக இருந்தால் எந்த வருடம் என்ன செய்திருப்பீர்கள்?

இதை எனக்குச் சொன்னவர் குழந்தைவேல் சித்தப்பா. சுரங்கத்தில் பெர்மனென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சொன்னார். பெர்மனென்ட்காரர்களுக்குக் கம்பெனி பஸ் உண்டு. சித்தப்பா அந்த வேனில் ஒரு நாளும் ஏறியதில்லை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

'என் ஆளுங்க என்னை விட்டுப் போக மாட்டாங்க' என்ற வசனத்தைச் சித்தப்பாகூடச் சொல்லவில்லை. எழுதும்போது தானாக வந்தது. கேஸுக்குக் கொஞ்சம் உயிர் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். மேற்கோள் குறியும் போட்டேன்.

கேஸ் நன்றாக ஓடியது. சில கல்லூரிகள் சேர்ந்து போட்ட தொகுப்பில் சேர்ந்தது. ஐந்து வருடம், வருடத்துக்கு அறுபது பேர் அதைப் படித்துத் திரு. க.வைத் திட்டினார்கள். எங்கள் கல்லூரியில் யாராவது அசட்டுத்தனமாக ஏதாவது செய்தால் 'டேய் வேன்காரா' என்று கூப்பிடும் பழக்கமே வந்துவிட்டது. கேன்டீனில் அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாடம் மனதில் நிற்கிறது என்று நினைத்தேன்.

திரு. க.வின் ஊர் வடக்குத்து. என் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போனால் கால் மணி நேரம் ஆகாது. ஐந்து வருடத்தில் ஒரு முறையும் நான் போகவில்லை.

4

மணிமொழியை எப்படி எழுதுவது என்பதில்தான் என் வரைவுகள் எல்லாம் நின்றுபோயின. அவளை அமைதியான பெண்ணாக எழுதினால் கடைசியில் அவள் செய்வது பெரிதாகத் தெரியும். ஆனால் அவள் அமைதியான பெண் இல்லை. இருபத்தெட்டு வயது, ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் தொழிலாளர் வருகைப் பதிவு பார்க்கும் வேலை. ஆள் வராமலே வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்ன சூப்பர்வைசரை அவள் எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டதாக அவளுடைய வகுப்புத் தோழி சத்யா சொல்லியிருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரு. க. கேஸ் நடந்தது. வழக்கம்போல் வகுப்பு கலகலப்பாக இருந்தது. ஒருவன் "ஓவர் கான்ஃபிடென்ஸ் மேடம்" என்றான். இன்னொருவன் "படிப்பு இல்லை மேடம், அதான்" என்றான். யாரோ பின்னால் "வேன்காரன்" என்று சொல்ல, சிரிப்பு. மணிமொழி மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவனிக்காமல் இருக்கிறாள் என்று நினைத்து எழுப்பினேன்.

"மணிமொழி, திரு. க. செஞ்ச முதல் தப்பு என்ன?"

எழுந்தாள். "தெரியலை மேடம்."

"கேஸ் படிக்கலையா?"

"நாலு தடவை படிச்சேன் மேடம். அவரு தப்பு செஞ்சாருன்னு எப்படித் தெரியும்னுதான் தெரியலை."

வகுப்பு சிரித்தது. என் கேள்வியை என்னிடமே திருப்புகிறாள் என்று எனக்கும் சிரிப்புதான் வந்தது. "கேஸ்ல இருக்கு. கேஸ்ல இருக்கறத வெச்சித்தான் பேசணும். உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். [இந்த இடத்தில் அவள் கண்கள் கலங்கியதாக ஒரு வரைவில் எழுதியிருந்தேன். நான் பார்க்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன்.]

5

அந்தப் பருவத்தின் கடைசி வேலை, வகுப்பில் நடந்த கேஸ்களில் ஏதாவது ஒன்றை எடுத்துச் சோதித்து அறிக்கை தருவது. மணிமொழி அதை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

இடது கட்டத்தில் என் வாக்கியம். நடுவில் 'எப்படித் தெரியும்?' வலதில் அவள் கண்டுபிடித்தது, ஓரத்தில் த அல்லது ஊ அல்லது ஆ. என் கேஸில் முப்பத்தெட்டு வாக்கியங்கள் இருக்கின்றன என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இருபத்து மூன்று சரி. பத்து தவறு. ஐந்தை யாராலும் இனி நிரூபிக்க முடியாது.

ஒன்பதாவது வரிசை: 'பயணிகள் குறைந்துகொண்டே வந்தார்கள்.' அதற்கு அவள் எழுதியது: 'அந்த வேன்களில் போன முப்பத்தொரு பேரைப் பார்த்தேன். விற்ற மாதம்வரை மூன்று வேனிலும் இடம் இல்லாமல் நின்றுகொண்டு போனதாக இருபத்தேழு பேர் சொன்னார்கள். தவறு.'

பதினான்காவது: 'ஷேர் ஆட்டோக்கள் வந்தன.' — 'வந்தன. ஆனால் முதல் ஷிப்டுக்கு ஐந்து மணிக்கு ஆட்டோ கிடையாது. இன்றும் கிடையாது. மூன்று நாள் நின்று பார்த்தேன்.'

இருபத்தொன்றாவது, அந்த மேற்கோள் வசனம். 'இதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆசிரியரின் ஊகம் அல்லது ஆசை.'

முப்பத்தெட்டாவது, கடைசி வரி. 'மாற்றத்தைப் பார்க்க மறுத்ததால் அவர் தொழிலை இழந்தார்.' அதற்கு எதிரே: 'தவறு. லாபம் வந்துகொண்டிருந்தபோதே அவராகவே விற்றார். ஏன் என்று தெரியவில்லை. ஒரு வாரம் அவகாசம் வேண்டும்.'

தாளின் அடியில் சின்னதாக: 'திரு. க. என் அப்பா.'

நிமிர்ந்து பார்த்தேன். "வகுப்புல ஏன் சொல்லலை?"

"சொன்னா பாவப்பட்டு விட்டுருப்பீங்க மேடம். தப்புன்னு நிரூபிச்ச மாதிரி ஆகாது."

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். இதை மறைத்து எழுதலாம்தான். பத்து வருடமாக நான் கத்தியைத் தீட்டிக் கொடுத்தேன், அது என் பக்கம் திரும்பியதும் — [இந்த உவமையை முடிக்கப்போவதில்லை.] கோபத்தோடுதான் "ஒரு வாரம் எடுத்துக்க" என்றேன்.

அதற்கு அடுத்த மாதம் எங்கள் கல்லூரிக்கு அங்கீகாரக் குழு வருவதாக இருந்தது. என் பதவி உயர்வுக்கான கோப்பில் முதல் தாளே அந்தக் கேஸ்தான். துறைத் தலைவர் அறிவழகன் சாரிடம் அட்டவணையைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். நல்ல மனிதர்.

"பொண்ணு பிரமாதமா பண்ணியிருக்கு. ஆனா நீங்க ஏன் பதட்டப்படறீங்க? பேர் போடலையே. 'இது கற்பனை'ன்னு கீழ ஒரு வரி சேத்துடுங்க. முடிஞ்சிது."

6

ஒரு வாரம் கழித்து மணிமொழி வந்தாள். அதே தாள். முப்பத்தெட்டாவது வரிசையில் 'தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு 'தெரியும். எழுதவில்லை' என்று மாற்றியிருந்தாள்.

"இது விடை இல்லையே" என்றேன்.

"இல்லதான் மேடம்."

"நாற்பதுக்கு மேல போட முடியாது."

"தெரியும் மேடம். போடாதீங்க." பிறகு சொன்னாள்: "அப்பா உங்களப் பாக்கணும்னாரு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் வகுப்பு முடிந்து அவள் பின்னாலேயே ஸ்கூட்டியில் போனேன். வீட்டு முன்னால் முந்திரிக்கொட்டை காயப்போட்டிருந்தது. திரு. க. — இந்தக் கதைக்கு அவர் பெயர் கண்ணையன் — வாட்ச்மேன் சட்டையை மாற்றிவிட்டு வெள்ளைச் சட்டையில் இருந்தார். அறுபது வயது இருக்கும். அவர் மனைவி செங்கமலம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சித்தப்பா பந்தியில் சொன்னதிலிருந்து தொடங்கி, நான் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எதுக்குங்க மேடம் மன்னிப்பு? நீங்க எழுதினத இது படிச்சிக் காட்டுச்சி. நான் சிரிச்சிட்டேன். யாவாரம் படுத்துடுச்சின்னு ஊரெல்லாம் சொன்னவனே நான்தாங்க. ஆட்டோ வந்துடுச்சி, பைக்கு வந்துடுச்சி, எவனும் ஏற மாட்டேன்றான்னு டீக்கடையில குந்திக்கினு நானே சொன்னேன். ஒரு வாரத்துல எல்லாரும் நம்பிட்டாங்க. ஒருத்தன் ஜெயிச்சிட்டான்னு வெச்சிக்கங்க, எப்பிடி எப்பிடின்னு நோண்டுவாங்க. தோத்துட்டேன்னு சொல்லிப் பாருங்க, ஒடனே நம்புவாங்க. உங்க சித்தப்பா காதுக்கு வந்தது நான் கட்டிவுட்ட கதைங்க."

நான் டீயை ஒரு வாய் குடித்தேன். சூடாக இருந்ததுகூடத் தெரியவில்லை.

"அந்த ஒரு வசனம் மட்டும் நான் சொல்லலீங்க" என்றார். "என் ஆளுங்க போவ மாட்டாங்கன்னு. ஆனா நல்லா இருந்திச்சி."

பிறகு நடந்ததைச் சொன்னார். (நினைவூட்டுகிறேன்: நோய் வேறு, வண்டி வேறு.)

பதினான்கு வருடத்துக்கு முன், முதல் ஷிப்ட் வண்டி. கண்ணையன்தான் ஓட்டினார். உள்ளே பதினாறு பேர். சுரங்கத்துக்குத் திரும்பும் ரோட்டில் அவருக்குக் கை இழுத்தது. "கண்ணு தெறந்துக்கினுதான் இருந்திச்சிங்க. ஆனா நான் அங்க இல்ல." வண்டி ரோட்டை விட்டு இறங்கியது. முன் சீட்டில் இருந்த ராஜாம்பாள் என்ற பெண், சுரங்கத்தில் கூட்டும் வேலை செய்பவர், எதைப் பிடித்து இழுக்கிறோம் என்று தெரியாமலே ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். மரத்துக்கு இரண்டடி முன்னால் வண்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. கண்ணையனுக்கு நினைவு வந்ததும் பிரேக் கோளாறு என்று சொல்லி எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார். ராஜாம்பாள் மட்டும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாராம். போன வருடம் மணிமொழி போய்க் கேட்கும்வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

புதுச்சேரியில் டாக்டர் வலிப்பு என்றார். மாத்திரை சாப்பிட்டால் கட்டுப்படும், ஆனால் வண்டி ஓட்டக்கூடாது.

"ஒம்போது நாள் யோசிச்சேன் மேடம். டிரைவர் போட்டு ஓட்டலாம். ஆனா டிரைவர் வராத அன்னிக்கு நான்தான் ஏறணும். ஏன் ஏற மாட்டேன்றன்னு கேப்பான். ஒரு நாளு ரெண்டு நாளு சமாளிக்கலாம். பொய் சொல்லிக்கினு எத்தினி நாள் ஓட்டறது? உண்மைய சொன்னா ஊருக்கே தெரியும். வூட்ல பொட்டப்புள்ள. வலிப்புக்காரன் பொண்ணுன்னா நாளைக்கு எவன் வருவான்? அதான் மூணு வண்டியும் நல்லா ஓடிக்கினு இருக்கும்போதே வித்துட்டேன். படுத்தப்பறம் வித்தா பாதி வெலதான் வரும்."

நான் பதினோரு வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருவது அதுதான். மாற்று வழிகளை அடுக்கு. ஒவ்வொன்றும் எங்கே உடையும் என்று பார். உச்சத்தில் இருக்கும்போதே வெளியேறத் தெரிந்துகொள். அவர் பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர்.

மணிமொழி சுவரோரம் நின்றிருந்தாள். "என் பேரச் சொல்லி ஏம்ப்பா மறைச்சீங்க?" என்றாள். இதை அவள் முன்பே கேட்டிருக்க வேண்டும். குரலில் பழைய சண்டை இருந்தது.

"நீ அப்ப ஒம்போதாவது படிச்சிக்கினு இருந்த."

"இப்ப இருபத்தெட்டு. இப்பவாவது என்னைக் கேட்டீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "கேஸ அப்பிடியே வுட்டுடுங்க மேடம். என்னை முட்டாளுன்னு நெனச்சிக்கினு போவட்டும். எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது."

"விடக் கூடாது மேடம்" என்றாள் மணிமொழி. "வருஷத்துக்கு அறுபது பேர் சிரிக்கிறாங்க. நான் அதுல உக்காந்துக்கினு இருந்தேன்."

செங்கமலம் நிலைப்படியிலிருந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "டீய வேணா சூடு பண்ணித் தரட்டுங்களா?"

7

இங்கே ஒரு கேஸ் என்றால் நிறுத்தியிருப்பேன். நீங்கள் திலகவதியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் யோசித்த வழிகளை வரிசையாக எழுதுகிறேன். அறிவழகன் சார் சொன்னபடி 'கற்பனை' என்று போடலாம். ஆனால் கேன்டீனில் வேன்காரன் அப்படியே இருப்பான். உண்மைக் காரணத்தோடு திருத்தி எழுதலாம். நான் எழுதியதிலேயே மிகச் சிறந்த கேஸாக அது ஆகியிருக்கும், அவர் பதினான்கு வருடம் காத்தது ஒரே நாளில் போயிருக்கும். அப்படியே விட்டுவிடலாம், அவரே கேட்டுக்கொண்டார் என்ற சாக்கும் கையில் இருக்கிறது.

[இந்த இடத்தில் இரண்டு பக்கம் என் மனப்போராட்டம் இருந்தது. எடுத்துவிட்டேன். உண்மையில் திங்கட்கிழமை காலை இட்லிக்குச் சட்னி அரைக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.]

தொகுப்பின் ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினேன். 'இந்தக் கேஸில் உள்ள தகவல்களை நான் சரிபார்க்கவில்லை. ஒரு மேற்கோளை நானே எழுதினேன். தவறு முழுவதும் என்னுடையது. கேஸைத் திரும்பப் பெறுகிறேன்.' காரணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டால், அவர் பக்கம் யாரும் நோண்ட மாட்டார்கள். தோற்றேன் என்று சொன்னால் உடனே நம்புவார்கள் என்பதை அவரிடம்தான் கற்றேன். ஆனால் நான் எழுதியதில் பொய் இல்லை.

நம்பினார்கள். என் கோப்பு முதல் தாள் இல்லாமல் போனது. பதவி உயர்வு வேறொருவருக்குக் கிடைத்தது. அறிவழகன் சார் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. ஆனால் மதியம் சேர்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் சொன்னேன். "திரு. க. கேஸை நான் ஒரு பந்தியில் கேட்டேன். கால் மணி நேரத் தூரத்தில் இருந்த ஆளைப் போய்ப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வாக்கியத்தில் பத்து தவறு. நீங்கள் யாராவது இப்படிச் செய்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. செல்வகுமார்தான் கேட்டான். "அப்ப அவரு ஏன் மேடம் வித்தாரு?"

"எனக்குத் தெரியும். ஆனா சொல்ல எனக்கு உரிமை இல்ல."

"விடை இல்லன்னா நாப்பதுதான மேடம்?" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். வகுப்பு இப்போது சிரித்தது. நானும் சிரித்தேன். மணிமொழி மூன்றாவது வரிசையில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாற்பதுதான் போட்டேன். இந்த மதிப்பெண்ணைக் கேள்விப்பட்ட என் தோழி, "அடிப்பாவி, அம்பது போட்டிருக்கக் கூடாதா?" என்றாள். கூடாது. மணிமொழியும் கேட்கவில்லை. அந்தப் பருவத்தில் முதல் மதிப்பெண் அவளுக்கு வரவில்லை. சத்யாவுக்கு வந்தது, நாற்பத்தொன்று.

8

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் ஒரு வருடமாக நினைத்தேன். அனுமதி இல்லாததால் வரைவுகளைத் தாண்டிப் போகாமலும் இருந்தேன். நேற்று, திங்கட்கிழமை காலை, மணிமொழி போன் செய்தாள். அவள் இப்போது படிப்பு முடித்து, வடலூரில் ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறாள். நான் அங்கே இல்லாததால் அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். குள்ளஞ்சாவடியில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பம். பையன் பெயர் வேணு. அவன், அவன் அம்மா, மாமா, ஆக மூன்று பேர். பஜ்ஜி வந்தது, டீ வந்தது. பையன் வீட்டு மாமா, "பொண்ணுக்கு ஏதாவது கேக்கணும்னா கேக்கட்டும்" என்றார்.

மணிமொழி, "கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றாள். "எங்க அப்பாவுக்கு வலிப்பு இருக்கு. பதினஞ்சு வருஷமா மாத்திரை சாப்புடறாரு. இத வெளிய யாருக்கும் சொன்னதில்ல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

செங்கமலம் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"என்ன ஆச்சி?" என்று கேட்டான் வேணு. "எப்பிடித் தெரிஞ்சிது?"

"ஒரு நாள் வண்டி ஓட்டிக்கினு இருக்கும்போது" என்று மணிமொழி ஆரம்பித்தாள். அதற்குள் கண்ணையன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ இரு. உனக்கு முழுசா தெரியாது" என்றார் மகளிடம். வந்தவர்களைப் பார்த்து அவரே சொன்னார். அந்த ரோடு, பதினாறு பேர், ராஜாம்பாள், புதுச்சேரி டாக்டர், ஒன்பது நாள் யோசித்தது, மூன்று வண்டியும் என்ன விலைக்குப் போனது. மகளுக்குக்கூடச் சொல்லாத ஒன்றையும் சொன்னார்: நடந்த மறுநாள் அந்த மரத்துக்குப் போய், வண்டிக்கும் மரத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று காலால் அளந்து பார்த்தாராம். சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது.

"அப்பா அவ்ளோ நேரம் பேசி நான் பாத்ததில்ல மேடம்" என்றாள் மணிமொழி. "முடிச்சிட்டு மொகத்தத் தொடச்சிக்கினாரு. இனிமே நீங்க எழுதிக்கலாம் மேடம். பேரு, தொழிலு, நோய் மூணு மட்டும் மாத்திடச் சொன்னாரு. யாவாரத்துல தோத்தேன்னு மட்டும் எழுத வேணாம்னாரு."

"அவங்க என்ன சொன்னாங்க?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை சொல்றோம்னாங்க."

இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமைவரை காத்திருந்து, விடை தெரிந்த பிறகு இதை முடித்திருக்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அவர்கள் சரி என்றால் இது உண்மை பேசியதற்குப் பரிசு கிடைத்த கதையாகிவிடும். வேண்டாம் என்றால் கண்ணையன் பதினைந்து வருடம் பயந்தது சரி என்று ஆகிவிடும். இரண்டும் அந்த அரைமணி நேரத்தைச் சின்னதாக்கும். அதனால் வெள்ளிக்கிழமையை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

ஆனாலும் போனை வைப்பதற்கு முன் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கிளம்பும்போது எப்படி இருந்தாங்க? மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"அவரு பேசி முடிச்சதும் பையனோட அம்மா இன்னொரு டீ கேட்டாங்க மேடம்."

"நல்ல அறிகுறிதானே அது?"

மணிமொழி கொஞ்சம் யோசித்தாள்.

"டீ கேட்டாங்க மேடம். அவ்ளோதான் தெரியும்."